ஷஹர்பானு வீட்டு மண்ணெண்ணெய்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் ராமானுஜம் அவர்களே, இன்றைய விழா நாயகி, வேதியியல் ஆய்வாளர் சகுந்தலா அம்மையார் அவர்களே, உழைத்துக் களைத்தும் கால்கடுக்க வந்து நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உளியோசை ஓய்ந்ததும் ஓடிவந்திருக்கும் சிற்பத் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பாராட்டு விழா என்கிறது சுவரொட்டி. ஆனால் பாராட்ட எழுந்த என் நா பதுங்குகிறது, நாணத்தால் நடுங்குகிறது. ஏன்? மாமல்லபுரத்து மாந்தர் நாம் செய்த செயல் அப்படி.

பேருந்து நிலையத்தருகே இட்லிக் கடை வைத்திருக்கும் ஷஹர்பானுவை அறியாதார் உண்டா? மாசி மாதத்தில் ஒரு காலை அவர் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். அது வெடித்தது. கைகளும் கழுத்தும் வெந்துபோய்ச் செங்கல்பட்டு மருத்துவமனையில் கிடந்தார்.

ஊர் என்ன சொன்னது? "புருஷனோட சண்டையாம், அவளே கொளுத்திக்கினாளாம்" என்றது. குழாயடி சொன்னது, கூட்டுறவுக் கடை சொன்னது, கோயில் வாசலும் பள்ளிவாசலும் சேர்ந்தே சொன்னன. கணவர் சுலைமானே கட்டிலருகே நின்று, "இன்னாத்துக்கு பானு இப்டி பண்ணிகின?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணிக்கல. நெருப்பு வச்சேன், குப்புனு புடிச்சிகிச்சி. எண்ணெயிலதான் இன்னாமோ கீது" என்றார் அவர்.

கேட்டவர் உண்டா? நம்பியவர் உண்டா? சென்ற ஆண்டு அனைத்துலகப் பெண்கள் ஆண்டு என்று இதே மேடையில் முழங்கினோமே, நம்மில் ஒருவராவது உண்டா?

அடுத்த கட்டிலில் கிடந்தவர் சகுந்தலா அம்மையாரின் அத்தை. ஊரப்பாக்கத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், பெட்ரோலியப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் பணிபுரிபவர் அம்மையார். அத்தையைப் பார்க்க வந்தவர், ஷஹர்பானு சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "மிச்ச எண்ணெய் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"டின்னு வூட்லதான் கீதும்மா."

ஷஹர்பானுவின் நாத்தனார் ஷாஜாதி அந்த எண்ணெயைப் புட்டியில் அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

என்ன சோதனை என்று முன்வரிசைத் தம்பி கேட்கிறார். சொல்கிறேன், பிழையிருந்தால் அம்மையார் திருத்தட்டும். மூடியிட்ட சிறு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, மெல்ல மெல்லச் சூடேற்றி, மூடியின் துளை வழியே சின்னஞ்சிறு சுடரைக் காட்டுவார்கள். நல்ல மண்ணெண்ணெயின் ஆவி நன்றாகச் சூடேறிய பிறகே பற்றும். இதுவோ சூடேற்றும் முன்பே பற்றியது. பிறகு குடுவையில் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார்கள். மண்ணெண்ணெய் கொதிக்க வேண்டிய சூட்டுக்கு வெகு முன்பே சொட்டியது. அதில் பெட்ரோல் கலந்திருந்தது.

அந்த மண்ணெண்ணெயை விற்ற அப்பாசாமியிடம் போனோம். "பீப்பாயில அடியில பெட்ரோலு நின்னுகினு இருந்திச்சி. கொஞ்சந்தானேன்னு எண்ணெய அதும் மேலயே ஊத்திட்டேன்" என்று தலையைத் தொங்கப்போட்டார். வழக்கு நடக்கிறது.

அவனை உதைக்க வேண்டும் என்கிறார் பின்வரிசை நண்பர். பொறுங்கள் ஐயா. எண்ணெயை ஊற்றியவர் அப்பாசாமி. பழியை ஊற்றியவர் யார்?

சோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். சுலைமான் அழுதார். "தப்பா நெனச்சிட்டேன் பானு. டெஸ்ட்டு பண்ணி சொல்லிட்டாங்க."

கட்டுப்போட்ட கைகளோடு படுத்திருந்த ஷஹர்பானு அவரைப் பார்த்தார். "நான் சொன்னதத்தான அந்தக் காயிதமும் சொல்லுது. அத்த மட்டும் எப்டி நம்புன?"

நாங்கள் அறிக்கையை மடித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

இப்போது அவர் வீடு திரும்பிவிட்டார். ஷாஜாதி துணையோடு கடையும் நடக்கிறது. இவ்விழாவுக்கு அழைக்கப் போனோம். "வேல கீது" என்று உள்ளே போய்விட்டார்.

ஒரு புட்டி எண்ணெய்க்குக் கொடுத்த பொறுமையை ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லுக்குக் கொடுத்தோமா? ஊர்தோறும் சோதனைக்கூடம் எழட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வலியில் கிடப்பவர் வாய்திறந்து சொன்னால், சகுந்தலா அம்மையாரைப் போல முதலில் காதுகொடுப்போம்.

கைதட்டாதீர்கள். நாளைக் காலை அந்தக் கடை வாசலுக்கு வாருங்கள். இட்லி தின்றுவிட்டுத் திரும்பினால் போதாது. தவறு செய்தோம் தாயே என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மன்னிப்பதும் மறுப்பதும் அவர் உரிமை. முதல் ஆளாக நான் நிற்பேன்.

கசப்பான சொற்களையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, குனிந்த தலை நிமிராமலே விடைபெறுகிறேன். வணக்கம்.