மூன்று நட்சத்திரம்

வீட்டுவேலை கொடுக்கிற சிஞ்ஞோராக்களின் தொலைபேசி இலக்கங்களைச் சறோஜா அன்ரியிடம் ஒருநாளும் கேட்கக்கூடாது என்று அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார். வேறு எதையும் கேட்கலாம். சீனி கேட்கலாம், கல்யாணத்துக்குச் சேலை இரவல் கேட்கலாம், ஊருக்குக் கொடுத்தனுப்பப் பொதி கட்டித் தரச் சொல்லலாம். இலக்கம் மட்டும் கேட்கக்கூடாது. நான் கேட்டேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது சுவாமி, ஆகையால் அங்கிருந்தே சொல்கிறேன்.

பாவம் சொல்லுகிற இந்தக் கூட்டுக்குள் முழந்தாளில் இருந்து கன காலம். பலகை இன்னும் அதே இடத்தில்தான் உறுத்துகிறது. நீங்கள் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டது பாவசங்கீர்த்தனத்துக்கு அல்ல, சறோஜா அன்ரியின் பெர்மெஸ்ஸோ விஷயம் கதைக்க என்று தெரியும். வேலை போனபின், வேறு வேலை தேடுவதற்கென்று அவருக்குக் கொடுத்த ஒரு வருட இத்தாலி வதிவிட அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. வேலை ஒப்பந்தம் காட்டாவிட்டால் குவெஸ்தூராப் பொலிஸ் புதுப்பிக்காது. அவர் மன்னாருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவருடைய பழைய சிஞ்ஞோராவின் மகன் ஒப்பந்தம் எழுதத் தயார். ஆனால் என் இணையத்தளத்தில் அன்ரியைப் பற்றி எழுதியிருப்பது பொய் என்று யாராவது அவனுக்குக் காட்ட வேண்டும். நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். பதில் சொல்கிறேன். முதலில் என் பாவத்தைக் கேளுங்கள் என்றேன். நீங்களும் ஊதாப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தீர்கள். நன்றி.

நீங்கள் பலெர்மோவுக்கு வந்து கொஞ்சக் காலம்தான், எங்கள் ஆட்களின் முறை முழுக்கத் தெரிந்திருக்காது. இங்கே வீடு என்றால் வேலை. எனக்கு ஐந்து வீடு இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், ஐந்து இடத்தில் துடைக்கிறாள் என்று அர்த்தம். வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வு. அந்த நேரம் இந்தக் கோயிலுக்கு முன்னால் இருக்கிற நீள ஆசனத்தில், அந்த வாங்கிலில், சறோஜா அன்ரி வந்து இருப்பார். மடுத் திருநாளுக்கென்று ஒருத்தி ஊருக்குப் போனால், அவளுடைய வீட்டுக்கு யார் பதில் போவது என்று அவர்தான் சொல்வார். சாவி அவருடைய கையால்தான் மாறும். போனவள் திரும்பி வந்ததும், பதில் போனவள் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிஞ்ஞோரா என்ன சொன்னாலும் கொடுக்க வேண்டும்.

என் அம்மா கொடுக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ, முதல் நன்மை எடுக்கிற வயது. மரியா அக்கா ஊருக்குப் போக அம்மா பதில் போனார். மரியா அக்கா திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா, இவளே இருக்கட்டும், இவள் சட்டைகளை நன்றாக அயன் பண்ணுகிறாள் என்றாள். அம்மா தலையாட்டிவிட்டு இருந்துவிட்டார். எங்களுக்கு வேறு வீடு இல்லை. அடுத்த வருடம் அந்தச் சிஞ்ஞோரா தொறீனோவில் இருக்கிற மகளிடம் போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு வாங்கிலிலிருந்து ஒரு வீடும் வரவில்லை. யாரும் முகம் திருப்பவில்லை. சிரித்தார்கள், திருநாளுக்குப் பலகாரம் தந்தார்கள். வீடு மட்டும் தரவில்லை.

அம்மா மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுத் துடைக்கப் போனார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏதாவதொரு கட்டடத்தின் அடிப்படியில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். அம்மா மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வருவார். முகத்துக்கு முதல் முதுகுதான் தெரியும். அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு இப்போதும் அந்த முதுகுதான் வருகிறது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கணினிப் பொறியியல். பட்டம் வாங்கிய அன்றைக்கு என் தலையில் இலைக் கிரீடம் வைத்தார்கள். அம்மா மண்டபத்தின் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தரை மினுங்கியதால் ஈரம் என்று நினைத்துவிட்டார். பிறகு வேலை தேடினேன். நேர்முகத்துக்குப் போன ஓர் அலுவலகத்தில் கதவைத் திறந்தவள், துடைக்க வருகிறவர்கள் பின்பக்கத்தால் வரவேண்டும் என்றாள். அவளில் பெரிய பிழை இல்லை. அந்தக் கட்டடத்துக்கு என் நிறத்தில் வருகிறவர்கள் துடைக்கத்தான் வருகிறார்கள். சரி, துடைப்பதையே தொழிலாக எடுக்கிறேன், ஆனால் துடைப்பத்தைத் தொடாமல் எடுக்கிறேன் என்று படி இறங்கும்போது முடிவெடுத்தேன்.

அப்படித்தான் ஜொவெதி வந்தது. வியாழக்கிழமை என்று அர்த்தம். வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் கைத்தொலைபேசியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். வேலை செய்தவரைப் பற்றிச் சிஞ்ஞோரா நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதலாம். நடுவில் யாரும் இல்லை. யாரையும் கெஞ்சத் தேவையில்லை. இதில் என்ன பிழை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை வாங்கிலுக்குப் போய்க் கேட்டேன்.

“அன்ரி, உங்கட சிஞ்ஞோராமாரின்ர நம்பர் எல்லாம் எனக்கு வேணும்.”

அன்ரி சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எல்லாற்றையுமோ? என்ன பிள்ளை, அவையளுக்குக் கலியாணம் பேசப் போறியோ?”

வாங்கிலைச் சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“இன்ரநெற்றில போடப் போறன். ஆக்கள் தாங்களே வீடு எடுக்கலாம். ஒருத்தரையும் கும்பிடத் தேவையில்லை.”

“இஞ்சை என்னை ஆர் கும்பிடுகினம்? மாதாவையெல்லோ கும்பிடுறம்.”

“என்ர அம்மா கும்பிட்டவ.”

“ஓம் நிலக்சி. உன்ர அம்மாவுக்குக் கும்பிடத் தெரியும். திருப்பிக் குடுக்கத்தான் தெரியாது.”

மரியா அக்காதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். அன்ரி பிறகு குரலைத் தணித்து, “கோவியாதை பிள்ளை. நம்பர் வேணுமெண்டா ஒரு வீட்டுக்குப் போ. கூட்டு, துடை. அவையளே தருவினம்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அது இன்னும் மோசம்.

தளம் வளர்ந்தது. பக்கத்து ஊரான பகேரியாவில் முதலில் சேர்ந்தார்கள், பிறகு கடற்கரைப் பக்கம். புதுத் தொழில்களுக்கான ஒரு போட்டியில் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் படம் போட வந்தவர்கள் சேலை உடுத்துவரச் சொன்னார்கள். கணினிக்கு முன்னால் சேலையோடு இருந்தேன். மேடையில் ஒவ்வொருவரும் கன்னத்தில் முத்தமிட்டு, எவ்வளவு அழகாக இத்தாலி மொழி பேசுகிறாய் என்றார்கள். நான் இதே பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் பிறந்தவள்.

மிலானோவிலிருந்து ஒரு நிறுவனம் தளத்தை வாங்க யோசிப்பதாகச் சொன்னது. அவர்களுடைய ஆள் வந்து என் திரையில் பலெர்மோ வரைபடத்தைப் பார்த்தார். சுற்றிவர எங்கும் புள்ளிகள். நடு நகரத்தில், பெரிய வீடுகள் இருக்கிற தெருக்களில் ஒன்றுமில்லை. “இந்த ஓட்டை என்ன?” என்று கேட்டார். நான் அங்கே ஒவ்வொரு கதவாகத் தட்டியிருந்தேன். எல்லாச் சிஞ்ஞோராவும் ஒரே பதில்தான் சொன்னாள்: எனக்கு அது தேவையில்லை, எனக்குச் சறோஜா இருக்கிறாள். பொறியியல் படித்து, பரிசு வாங்கி, கடைசியில் நான் தோற்றுக்கொண்டிருந்தது ஒரு வாங்கிலிடம்.

அடுத்த வியாழக்கிழமை என் அலுவலக யன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அலுவலகம் இந்த முற்றத்துக்கு மேலேதான், உங்களுக்குத் தெரியும். கீழே அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பற்றி இல்லை, வேறு ஏதோ. நான் சறோஜா அன்ரிக்கும் தளத்தில் ஒரு பக்கம் திறந்தேன், மற்ற எல்லோருக்கும் இருப்பது போல. நல்ல படமாகத் தேடிப் போட்டேன். மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குச் சாந்தா ரொசலியா கோயிலுக்கு எல்லோரும் ஏறிப் போனோமே, அப்போது எடுத்தது. வெறுங்காலோடு, முகம் முழுக்கச் சிரிப்போடு நிற்கிறார். பிறகு சிஞ்ஞோரா ஜி என்ற பெயரில் இப்படி எழுதினேன்: வேலை மிகச் சுத்தம். பக்தியுள்ள பெண். நாங்கள் பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

மூன்று நட்சத்திரம் போட்டேன். ஒன்று போட்டால் கோபம் என்று நினைப்பார்கள். மூன்று என்றால் யோசித்துப் போட்டது போல இருக்கும். களவு என்ற சொல்லை நான் எழுதவே இல்லை சுவாமி. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

நடந்தது எல்லாம் மிக மரியாதையாக நடந்தது. ஒரு சிஞ்ஞோரா, பிரதி எடுக்க வேண்டும் என்று சாவியைக் கேட்டாள். இன்னொருத்தி, மருமகள் வந்திருக்கிறாள் என்றாள். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அன்ரி படியேறி வந்தால் அந்தச் சாவிச் சத்தத்தை வைத்தே எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒப்பந்தம் எழுதி வைத்திருந்த கிழச் சிஞ்ஞோராவின் மகனும் கடைசியில் மன்னிப்புக் கேட்டு நிறுத்தினான். மொழிப் பரீட்சைக்குப் பயந்து அவர் நிரந்தர அனுமதி எடுக்காமலே இவ்வளவு காலமும் இருந்துவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் என்று நீங்கள் கேட்டால், நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கதிரை நுனியில் இருந்தார், அம்மா அந்நியர் வீட்டில் இருப்பது போல.

“பிள்ளை, இந்த ஜி எண்டுற சிஞ்ஞோரா ஆர்? எனக்குப் பிடிபடேல்லை.”

“அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை அன்ரி. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

“ஓம், ஓம். எண்டாலும் என்ன காணாமல் போனது எண்டு தெரிஞ்சால் தேடிக் குடுக்கலாம்.”

“நீங்கள் வேலை செய்த வீடுகள்தானே. போய்க் கேட்டுப் பாருங்கோவன்.”

அவர் போனார். ஜுசெப்பீனா, கிராத்சியெல்லா, ஜொவான்னா, ஜி எழுத்தில் பெயர் தொடங்குகிற எல்லாச் சிஞ்ஞோராவின் கதவிலும் நின்று, எது காணவில்லை, நான் தேடித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். அதுவரை சாவியைத் திருப்பிக் கேட்காமல் இருந்தவர்களும் அதற்குப் பிறகு கேட்டுவிட்டார்கள். கள்ளமில்லாத ஆள் ஏன் வந்து கேட்கப்போகிறாள் என்று யோசித்திருப்பார்கள். நானும் அதைத்தான் யோசித்தேன், போகச் சொல்வதற்கு முன்னாலே.

நடு நகரம் நிறைந்தது. வாங்கிலில் இருந்த பெண்கள் எல்லோரும் இப்போது என் தளத்தில்தான் வீடு எடுக்கிறார்கள், மரியா அக்காவும்தான். என் அம்மா மட்டும் பதியவில்லை. அன்ரிக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுபோகிறார். “அவ எடுத்திருக்க மாட்டா” என்கிறார், கேட்காத ஆட்களிடமும் சொல்கிறார். இருபது வீடு கைக்குள் வைத்துக்கொண்டு தன்னைப் படிக்கட்டில் விட்டவருக்காக ஏன் இப்படி நிற்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். “நான் பிழை விட்டன், அவ தண்டிச்சவ. உது வேற கதை” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

நேற்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: அந்தப் படம் நீ எடுத்தது பிள்ளை, மலையில் நான் உன் பக்கத்தில் நின்றேன், அது உன் தொலைபேசியில் மட்டும்தான் இருந்தது. நாளைக்குச் சிஞ்ஞோராவின் மகனிடம் அதைச் சொல்லப் போவதாகவும் சொன்னீர்கள். அந்தப் படம் என் மடத்தனம். அதில் நன்றாக இருக்கிறார் என்பதற்காகத்தான் போட்டேன்.

அதனால்தான் பாவசங்கீர்த்தனம் கேட்டேன். இங்கே கேட்டதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது, பாவமன்னிப்புத் தராமல் விட்டாலும் முடியாது. வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். படத்தைப் பற்றி முன்பே தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இனி அந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்கும் போதெல்லாம், இது நேற்றுத் தெரிந்ததா, இந்தக் கூட்டுக்குள் தெரிந்ததா என்று உங்களை நீங்களே கேட்பீர்கள். வேறு சுவாமியாக இருந்தால் கேட்கமாட்டார். நீங்கள் நேர்மையான மனிதர், அதனால் எனக்குப் பயமில்லை.

மனஸ்தாபப்படுகிறாயா, செய்ததற்கு வருந்துகிறாயா என்று கேட்கிறீர்கள். தளத்தில் இருக்கும் கருத்துகள் எல்லாம் உண்மையானவை என்று மிலானோக்காரருக்கு இன்று காலையிலேயே கையெழுத்து வைத்துவிட்டேன். இங்கே வந்தது யோசிப்பதற்கு இல்லை. மன்னிப்பும் வேண்டாம், அதை வேறு யாருக்காவது கொடுங்கள்.

நான் எழும்புகிறேன். முன்வாசலில் அன்ரி வாங்கிலில் இருக்கிறார், உங்கள் பதிலுக்காக. அம்மாவும் பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு இருக்கிறார். இனி அம்மா ஒரு படியும் துடைக்கத் தேவையில்லை. எல்லாம் அவருக்காகத்தான் செய்தேன் சுவாமி. அவர் கண்ணில் படாமல் பக்கக் கதவால் போகிறேன்.