வெண்கலப் பெண்ணுக்குப் போர்த்திய துண்டு

வெண்கலச் சிலையைக் கழுவப் பாத்திரம் துலக்குகிற சோப்பே போதும், தம்பி. மெதுவாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெழுகு பூசி, பழைய துணியால் தேய்த்தால் பளபளக்கும். நம் செண்டாய் நகரத்தில் தெருவுக்குத் தெரு சிலை நிற்கிறது. ஆனால் ஹிரோசே ஆற்றங்கரைப் பூங்காவில் ஆடையில்லாமல் நிற்கும் அந்தப் பெண்ணை நான் வேறு யார் கையிலும் விடுவதில்லை. ஏனென்றால் அது நான். பத்தொன்பது வயதில் சிற்பிக்கு முன்னால் நின்றேன். சில நாள் ஆனதும், இனி வர வேண்டாம் என்றார். வேண்டிய மட்டும் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

சிலை கழுவும் எங்கள் குழு முழுவதற்கும் இது தெரியும். தலைவர் ஒகாதா ஒவ்வொரு தடவையும் கிண்டல் செய்வார்.

"சிலையம்மா வந்தாச்சு, வழி விடுங்கப்பா. அக்கா, உங்க மூக்க நீங்களே தொடச்சுக்குங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் சிலையின் கழுத்தில் சிவப்புக் கம்பளித் துண்டு சுற்றியிருந்தது. கழற்றி எறிந்தேன். மறுபடியும் வந்தது. பூங்காவில் அம்மணச் சிலை எதற்கு என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். முதலில் மூடுவார்கள், பிறகு பெயர்த்துக்கொண்டு போவார்கள். அவர்கள் வேலை என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கள் குழுவின்மேலேயே சந்தேகம் வந்தது. தேநீர் குடிக்கும்போது ஒவ்வொருத்தியின் பையையும் நோட்டம் விட்டேன். ஒகாதாவிடம் சொன்னேன்.

"சரியான சந்தேகப் பேர்வழிக்கா நீங்க. தெருமுனை ஜிசோ சாமி சிலைக்குத் துணி கட்டுறதில்லையா? யாரோ பாவம்னு போத்திருக்காங்க."

சாமிக்குக் கட்டலாம். என்னைப் பார்த்து யார் பாவப்பட வேண்டும்?

மரத்துக்குப் பின்னால் நின்று காவல் காத்தேன். விடிந்ததும் வந்தவள் மிட்சுயோ. இரண்டு வருஷம் முன்னால் குழுவில் சேர்ந்தவள், வாய் பேசாமல் வாளி தூக்குகிறவள். பீடத்தின் படியில் ஏறித் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நீதானா?"

"குளிருமேக்கா."

"வெண்கலத்துக்கா?"

துண்டின் முனையைச் செருகினாள். "சிற்பியோட கொட்டகைல அவரு அடுப்பே மூட்ட மாட்டாருக்கா. ஒரு பனிக்காலம் பூரா நின்னேன். பல்லு கிடுகிடுன்னு அடிக்கும். அதான், இவளாவது..." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. சொல்லவும் மாட்டேன். நீங்களே வெச்சுக்குங்க."

நீங்களே வெச்சுக்குங்க. மீந்த சோற்றைக் கொடுப்பதுபோல. இரண்டு வருஷமாக நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வாளியோடு நின்று சிரித்திருக்கிறாள். பொய்க்காரியாக இருந்தால் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருப்பாள். இவள் அடிக்கவில்லை. எதற்காக இத்தனை பொறுமை? நான் சாகட்டும் என்று காத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

படிக்கல்லில் மெழுகு படக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்போம். பட்டால் கால் நிற்காது. அன்று சாயங்காலம் துண்டைக் கழற்றிவிட்டு, அந்தப் படியில் மெழுகு பூசி நன்றாகத் தேய்த்தேன். மேலே உறைபனி தானாகப் பெய்தது. நான் அவளைத் தொடக்கூட இல்லை.

மறுநாள் விடிந்ததும் மரத்துக்குப் பின்னால் நின்றேன்; துண்டோடு படியேறியவள் வழுக்கி விழுந்தாள். பின்மண்டை பீடத்தின் விளிம்பில் பட்டது. கண் திறந்துதான் இருந்தது.

"அக்கா, யாரையாச்சும் கூப்புடுங்கக்கா."

ஃபோன் என் பையில் இருந்தது. முதலில் அவள் கையிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தேன். குடுவையில் கொண்டுபோயிருந்த வெந்நீரை ஊற்றி, படியிலிருந்த மெழுகைத் துடைத்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. முடித்துவிட்டுத் திரும்பியபோது அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். வீட்டுக்குப் போய் மிசோ சூப் வைத்துக் குடித்தேன். நல்ல பசி.

இப்போது சிற்பியின் வீட்டில் கிடைத்தது என்று இந்தப் பழைய புகைப்படத்தை நீட்டுகிறீர்கள். பாதி முடிந்த களிமண் உருவம், பக்கத்தில் போர்வைக்குள் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண். மிட்சுயோவின் அண்ணன் பார்த்து, தன் தங்கைதான் என்று அடையாளம் சொன்னாராம். சொல்லட்டும்.

கொன்றது நான்தான், தம்பி. எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். படத்தில் இருப்பது யார் என்ற இடத்தில் மட்டும் என் பெயரை எழுதிவிடுங்கள்.