ஜில்லென்ற ஊசி

பால்கோவாவை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, மேடம். வைத்தால் நெய் தனியாக உறைந்து வாயில் மணல் மாதிரி நெருடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது. உங்கள் மேஜை மேல் இருக்கிற அந்த டப்பாவை இன்றைக்கே முடித்துவிடுங்கள். எதைக் குளிரில் வைப்பது, எதை வெளியில் வைப்பது என்பதில்தான் என் விஷயமும் வந்து நிற்கிறது.

உங்கள் ஸ்டேஷனில் மரியாதையாக நடத்துகிறார்கள். ஏட்டய்யா டீ வாங்கித் தந்தார். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் ராஜரத்தினம். பெயருக்கு முன்னால் இரண்டு டாக்டர் உண்டு. ஒன்று படித்து வாங்கியது, மற்றது மேடையில் கொடுத்தது. சட்டம் போட்டு மாட்ட இரண்டாவதுதான் எடுப்பாக இருக்கும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், மூடிப்போன ஒரு நூல் மில்லின் பஞ்சு குடோனில் என் ஆய்வு மையம். பெயர்ப் பலகை குடோனைவிட அகலம். 'பன்னாட்டு' என்ற வார்த்தையை எடுத்துவிட்டால் சுவருக்குள் அடங்கும் என்று பெயின்டர் சொன்னார். நான் சுவரை நீட்டிக் கட்டச் சொன்னேன்.

என் ஆராய்ச்சி வெறிநோய்க்கான டி.என்.ஏ. தடுப்பூசி. பழைய ஊசியில் செத்த கிருமியை உடம்புக்குக் காட்டுகிறோம். இதில் கிருமியே கிடையாது. கிருமி போட்டிருக்கும் சட்டையை எப்படித் தைப்பது என்கிற குறிப்பு மட்டும்தான். நம் தசை அந்தக் குறிப்பைப் படித்துச் சட்டையைத் தைக்கும். உடம்பின் காவல்காரர்கள் அதைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டு, எதிர்ப்பொருளைத் தயார் செய்வார்கள். பிறகு நிஜமான கிருமி அதே சட்டையோடு வந்தால் வாசலிலேயே மடக்கிவிடலாம். எலிகள் இந்தக் குறிப்பை அருமையாகப் படிக்கின்றன. மனித உடம்பு அவ்வளவு அக்கறையாகப் படிப்பதில்லை. இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். மேடையில் நான் எலிகளைப் பற்றி மட்டும் பேசுவேன்.

இந்த மருந்துக்கு ஃப்ரீசர் கட்டாயமில்லை. வெளியில் வைத்தாலும் சீக்கிரம் கெடாது, அதுதான் இதன் பெருமையே. ஆனால் பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கு, கதவைத் திறந்ததும் வெண்புகை எழும்புகிற ஃப்ரீசர் இல்லாவிட்டால் விஞ்ஞானம் நடப்பதாகவே தோன்றாது. அதற்காகத்தான் வாங்கினேன். மருந்தை அதில் வைத்தேன்.

வல்லரசு என்பது எங்கள் நாய். சுத்தமான ராஜபாளையம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பிறவிச் செவிடு. இந்த வெள்ளைச் சாதியில் செவிடு சகஜம். கூப்பிட்டால் திரும்பாது. விருந்தாளிகள் அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. என் ஊசியை முதலில் போட்டுக்கொண்ட நாய் அது. நானும் வல்லரசும் சேர்ந்து நிற்கிற பேனர், 'வெறிநோயை வென்றவர்' என்ற எழுத்தோடு ரோடு முழுக்க இருந்தது. ஒரு பேனர் அரசு ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே. அந்த இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நாய் கடித்தவர்கள் வந்து போகிற இடம் அல்லவா.

மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் தெருநாய் ஒன்று மில் காம்பவுண்டுக்குள் புகுந்து வல்லரசோடு சண்டை போட்டது. காது கொஞ்சம் கிழிந்தது. அப்புறம் சில வாரம் கழித்து வல்லரசு சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர ஆரம்பித்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. பேர் சொன்னால் திரும்பவில்லை, ஆனால் அது என்றைக்குத் திரும்பியது.

நாயைப் பார்த்துக்கொண்டவன் தவசிமுத்து. கூமாப்பட்டிக்காரன், மில் ஓடிய காலத்தில் வாட்ச்மேன். அவனும் பெண்சாதி முத்துப்பேச்சியும் குடோனுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். ஒரு நாள் காலை சோறு வைக்கப் போனவனின் கையை வல்லரசு கவ்விவிட்டது. விலக்கப் போனவளின் முழங்கைக்குக் கீழேயும் பல் பதிந்தது.

நான் போனபோது முத்துப்பேச்சி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு புருஷனை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்புங்க, கவருமெண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். சும்மாதான் போடுதாக."

"செத்த நேரம் பேசாம இருட்டி. சார் வந்துட்டாக."

"வரட்டும். நாயி கடிச்சா ஊசி போடணும்னு எங்க ஊரு கோழிக்குக்கூடத் தெரியும்."

"ஏட்டி, அந்த ஊசியக் கண்டுபிடிச்சவுகளே இங்கன நிக்காக. நீ டவுன் பஸ் ஏறிப் போயி வரிசைல நிக்கணும்ங்குத."

காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வைத்தேன். அதுவரை நான் செய்ததில் குறை சொல்ல முடியாது. அதைத் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் எந்த நாய் என்று கேட்பார்கள். இவன் ஜன்னல் வழியே பேனரைக் கைகாட்டுவான். அடுத்த மாதம் விழா. சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள். என் நிலையையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

அப்போதுதான் இது ஒரு வாய்ப்பு என்று பட்டது. மனிதருக்கு இந்த ஊசியைப் போட அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்டால் கேள்வி கேட்பார்கள். இங்கே ஒரே நாள், ஒரே நாய், ஒரே வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற இரண்டு பேர். இப்படி ஒரு அமைப்பை யாராவது திட்டம் போட்டு உண்டாக்க முடியுமா. ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் அது ஆராய்ச்சியே இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு தொட்டியில் செடி வைத்து, ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், இன்னொன்றுக்கு ஊற்ற மாட்டார்கள். அவ்வளவுதான்.

மருந்தைத் தவசிமுத்துவுக்கு ஒதுக்கினேன். விசுவாசமானவன், அவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது. முத்துப்பேச்சிக்கு உப்புத்தண்ணீர். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

ஊசி ஏறும்போது தவசிமுத்து நெளிந்து சிரித்தான். "என்ன சார், ஜில்லுனு ஏறுது. ஐஸ் கம்பெனி ஊசியா?"

முத்துப்பேச்சி தன் கையைத் தடவிப் பார்த்தாள். "எனக்கு ஒன்னும் ஜில்லுனு இல்லையே. வெறுந்தண்ணி கணக்கால்ல இருக்கு."

"உன் உடம்புச் சூட்டுக்கு ஐஸே வெந்நியாயிரும்" என்றான் அவன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வேறு எங்கும் ஊசி போட வேண்டாம், இரண்டும் உடம்புக்குள் மோதிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்த வாரமே வல்லரசு செத்துப்போனது. மூளையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. பாம்பு கடித்திருக்கும் என்று சொன்னேன். கட்டுப்போட்ட கையோடு தவசிமுத்துதான் குழி தோண்டினான். ஆலங்குளத்திலிருந்து வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பை மேலே கொட்டினேன். அவன் அழுதான். சுண்ணாம்பு கண்ணில் பட்டிருக்குமோ என்றும் நினைத்தேன்.

விழாவுக்காக வேறொரு வெள்ளை நாய் வாங்கினேன். இதற்குக் காது கேட்கும். மற்றபடி ஒரே சாயல்.

முத்துப்பேச்சி அதன் பிறகு அடிக்கடி எதிர் டீக்கடை மைமூனின் ஸ்கூட்டரில் ஏறிப் போய்வந்தாள். கேட்டால் மடவார் வளாகத்தில் சாமி கும்பிட என்றாள். வைத்தியநாத சுவாமியிடம் புருஷனுக்காக வேண்டுதல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சிவன் கோயிலுக்கு ஒரு முஸ்லிம் அம்மாள் வண்டி ஓட்டிப் போவது என் மனதைத் தொட்டது. மத நல்லிணக்கம் என்று விழா உரையில் ஒரு பத்தி சேர்த்தேன்.

சில வாரம் கழித்து இரண்டு பேரின் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தேன். முத்துப்பேச்சியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பொங்கி வழிந்தது. அவ்வளவு அழகான முடிவை எலியில்கூட நான் பார்த்ததில்லை. தவசிமுத்துவின் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை.

சிரிஞ்சு மாறிவிட்டது என்று முடிவு செய்தேன். பதற்றத்தில் மருந்து அவளுக்கும் உப்புத்தண்ணீர் அவனுக்கும் போய்விட்டது. ஆகவே என் மருந்து வேலை செய்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்.

அன்றைக்காவது அவனை ஆஸ்பத்திரிக்கு ஏன் அனுப்பவில்லை என்று நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நோய் தலைகாட்டுகிற வரைக்கும் ஊசிக்கு நேரம் உண்டு, அது எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் ஊற்றாத செடிக்குப் பாதியில் தண்ணீர் ஊற்றினால் அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது. கடிபட்டவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதும் இல்லை. அவனுக்கு வராமலே போயிருக்கலாம். அந்த வாய்ப்பை நான் அவனுக்கு விட்டுவைத்தேன் என்றும் பார்க்கலாம்.

விழா நன்றாக நடந்தது. புது நாய் கைதட்டல் கேட்டு சபையைத் திரும்பிப் பார்த்தது. "என்ன அறிவு" என்றார் சென்னைக்காரர். முத்துப்பேச்சியை மேடைக்குக் கூப்பிட்டு, வெறிபிடித்த தெருநாய் கடித்தும் கல்லு மாதிரி நிற்கிற பெண் இவர்தான் என்று சால்வை போட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேடைக்குக் கீழே புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவசிமுத்து விருந்தாளிகளுக்குத் தண்ணீர் டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்தான். பெடஸ்டல் ஃபேன் அவன் பக்கம் திரும்பும்போதெல்லாம், யாரோ அடிக்க ஓங்கியதுபோல முகத்தை வெட்டித் திருப்பினான். முன்வரிசையில் ஒருவர், "நீயும் குடியேம்பா, வேர்த்துக்கொட்டுது" என்று ஒரு டம்ளரை அவனிடமே நீட்டினார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். தொண்டை ஒரு இழுப்பு இழுத்தது. தண்ணீர் சட்டையில் கொட்டியது. "வாண்டாம் சார், தொண்டை கட்டிருச்சு" என்று சிரிக்கப் பார்த்தான்.

மைக் முன்னால் நின்று நான் அதைப் பார்த்தேன். காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒருவன் அப்படி மிரண்டால் என்ன அர்த்தம் என்று அந்தப் பந்தலில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. என் உரையில் இன்னும் பாதி இருந்தது. நல்லிணக்கப் பத்தி அதுவரை வரவே இல்லை. படித்து முடித்தேன்.

முடிவு உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தனி அறையில் விளக்கை அணைத்துப் போட்டிருந்தார்கள். நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். முத்துப்பேச்சி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். சிரிஞ்சு மாறிப்போன விஷயத்தை அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். உன்னைக் காப்பாற்றியது என் மருந்துதான், அதை நினைத்துத் தைரியமாக இரு என்றேன்.

"உங்க மருந்தா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நான் மைமூன் அக்காகூடப் போயி கவருமெண்டு ஆஸ்பத்திரில அம்புட்டு ஊசியும் போட்டேன் சார். வேலைய விட்டுத் தொரத்திருவீகன்னு உங்ககிட்ட கோயிலுன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரவுக கால்ல விழுந்து கூப்பிட்டேன். சார் மோதிக்கிரும்னு சொல்லிருக்காகட்டி, சார மீறி வரமாட்டேன்னுட்டாக."

பிறகு ஆப்பிள் பையை என் பக்கமே தள்ளிவைத்தாள். உள்ளே அவன் செத்துப்போனது மறுநாள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. சிரிஞ்சு மாறியதா.

மாறவில்லை, மேடம். சோதனை முடிவைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். மருந்து ஃப்ரீசரிலிருந்து வந்தது, உப்புத்தண்ணீர் அலமாரியிலிருந்து. ஜில்லென்று யாருக்கு ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று இரண்டு பேரும் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அந்தச் சிரிப்புகூட என் காதில் இருந்தது. அவன் உடம்புக்குள் போனது என் மருந்துதான். அது ஒன்றும் செய்யவில்லை. செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே, சிரிஞ்சு மாறியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, விழா முடிகிற வரை அவனை டம்ளர் தூக்க விட்டேன். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பெயருக்கு முன்னால் டாக்டர் இரண்டு தடவை வரவேண்டும்.

ஒரே ஒரு உதவி. குடோனுக்கு சீல் வைக்கும்போது ஃப்ரீசர் ப்ளக்கை மட்டும் பிடுங்க வேண்டாம். மேல்தட்டில் தவசிமுத்துவின் ரத்தம் இருக்கிறது. என் சோதனை மெஷின் ரொம்பப் பழசு. நல்ல மெஷினில் ஒரு தடவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எதிர்ப்பொருள் கொஞ்சமாவது ஏறியிருக்கும்.