வாசல் நல்லா இருக்கோணும்

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். வரப்போகும் விருந்தாளிகளுக்காக ஏரிக்கரை ஓட்டல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் போனில் படங்களைத் தள்ளியபடி இருந்தார்.

“இந்த மாடி ஓட்டல்ல ஏரி முழுசாத் தெரியுது பாரு.”

“ஏரி எப்படித் தெரிஞ்சா என்னங்க? வாசல் நல்லா இருக்கோணும்.”

ஜன்னலை விட்டு நான் திரும்பியது அப்போதுதான்.

“சாப்பிடற எடத்துல வாசலு எதுக்கு?”

“வாரது நம்ம பையனோட படிச்ச பசங்க. சாவுக்கு வர முடியாம, இப்பத் துக்கம் கேக்க வாராங்க. நம்மூட்டு வாசல்ல வந்து நின்னா ‘வாங்க’ன்னு கூப்பிட முடியுங்களா?”

“துக்கத்துக்கு வாரவங்கள அப்படிக் கூப்பிடக் கூடாதுதான்.”

“அவன் இருந்தப்ப, வண்டிச் சத்தம் கேட்டதும் நாந்தான் ஓடிப் போயி ‘வாங்க சாமி’ம்பேன். இப்ப அதே பசங்க வந்தா வாய மூடிக்கிட்டு நிக்கறதுங்களா? ஓட்டல் வாசல்னா சொல்லலாமில்லீங்க.”

அவர் படங்களைத் திரும்ப முதலிலிருந்து பார்த்தார். மல்லசமுத்திரம் தாண்டியதும் ஒரு படத்தில் நிறுத்தி மனைவியிடம் காட்டினார்.

“இது கீழயே இருக்குது. முன்னால வேப்பமரம். நீ அங்க நின்னுக்கலாம்.”

“ஏரி தெரியுங்களா?”

“ஒரு மூலையில தெரியுது, போதும். நான் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கறேன். நீ ‘வாங்க’ங்கறப்ப எம் மூஞ்சிய அந்தப் பசங்க பாக்க வேண்டாம்.”