வீட்டில் இரண்டு ஓட்டு

"அந்த வக்கீலுக்கா போடப்போற? நம்ம அப்பா கட்சிய விட்டுட்டு—"

"கட்சி அப்பாவோட போச்சுக்கா. சாக்கடை அடைச்சப்போ வந்து நின்னது வக்கீல்தானே—"

"நின்னான், போட்டோ எடுக்கிற வரைக்கும்."

"உன் ஆளு அதுக்குக்கூட வரல. டீ ஆறுது, குடி."

எங்கள் வீட்டுச் சண்டைகள் டீயோடு முடிந்துவிடுபவை. அன்று தேர்தல் நாள், அதனால் முடியவில்லை.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காதுக்குள் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் நாலையும் பிரித்துக் கேட்பேன். ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே சின்னம். அதைத் திருட்டுக்கும்பலின் சின்னம் என்று மேடை போட்டுச் சொன்னவர் வக்கீல். முந்தைய தேர்தலில் அவரிடம் விரல்விட்டு எண்ணிவிடும் ஓட்டு வித்தியாசத்தில்தான் தோற்றோம். என் தம்பி தன் ஓட்டை மறைக்கிறவன் இல்லை. தெருவே என் வீட்டைப் பார்த்தது.

அவன் சட்டை மாற்றப் பின்னறைக்குப் போனான். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். சாயங்காலம் வரை ஒருவன் தன் கட்டிலிலேயே படுத்துக் கிடந்தால் என்ன குறைந்துவிடும்? உள்ளே மின்விசிறி ஓடியது, குடிக்கத் தண்ணீர் இருந்தது.

முதலில் சிரித்தான். "கள்ள ஓட்டு போடுறவங்களப் பார்த்திருக்கேன்க்கா. ஓட்டையே கட்டிப்போடுறவ நீதான்."

நான் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அப்போது தட்டிக்கொண்டிருந்தான். கோபத்தில் தட்டுகிறான் என்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். அவனுடைய இழுப்புக்கான இன்ஹேலர் ரேடியோவின் மேல்தான் இருந்தது. கை பட்டு உருண்டது. எடுத்து நேராக வைத்தேன். சாமான்கள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் எனக்கு.

வாக்குப்பதிவு முடிந்தது என்று ரேடியோ சொன்ன பிறகு திறந்தேன். டாக்டர் வந்து பார்த்து, இழுப்பு என்றார். இழுப்புதான்.

அந்தத் தடவை ஆயிரக்கணக்கில் ஜெயித்தோம். ஒரு ஓட்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஜெயித்தவர் அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. சாக்கடை மறுபடி அடைத்தது. நான்தான் குச்சியால் குத்திவிட்டேன்.

நேற்று வக்கீல் வந்தார். சட்டையில் எங்கள் சின்னம். கட்சி மாறி எங்கள் வேட்பாளர் ஆகிவிட்டாராம்.

"இந்த வீட்ல ரெண்டு ஓட்டு இருக்கணுமேம்மா."

"ஒன்னுதான்."

"தம்பி இல்லையா? நல்ல மனுஷனாச்சே. போகட்டும், இனிமே நாம எல்லாம் ஒரே குடும்பம்."

டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் பின்னறைக்கும் நடக்கிறேன். தாழ்ப்பாளைப் போடுகிறேன், திறக்கிறேன். இந்தக் கட்சிக்காரர்களை மன்னிக்கவே முடியாது. என் தம்பியைக் கொன்றவர்கள் அவர்கள். தாழ்ப்பாளில் என் கை இருந்தது, அவ்வளவுதான்.

ரேடியோ சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் செய்தி வாசிக்கிறவரையும் சொந்தத் தம்பியையும் பிரித்துக் கேட்கத் தெரியாதவளா நான்? தேர்தல் நாளில் ஒருவர் கொடுக்கும் வாக்கை நம்பக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"அக்கா... நான் போகல. ஓட்டே வேண்டாம். கதவ மட்டும் தொற."