ரெஸ்ட் எடு, உமாபதி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் எங்கள் நிறுவன உரிமையாளர் திரு. ராம்ப்ரஸாத் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உமாபதி அண்ணனின் மனைவி வள்ளி அண்ணி அவர்களே, பட்டுக்கடைப் பெருமக்களே, உடன் பணிபுரியும் நண்பர்களே! நஸ்னீனாகிய என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பேசி முடித்ததும் ஏன் அழைத்தோம் என்று நீங்கள் வருந்தக்கூடும்.

வெளியீட்டுப் பொறுப்பாளர், மாகறல் உமாபதி அண்ணன் யார்? உங்கள் கடை இணையதளங்களில் புடவைகளை வரிசையாகக் காட்டுகிறதே, அந்த பிளகின் என்னும் துணை மென்பொருள் எங்களுடையது. அதில் சிறு திருத்தம் செய்தாலும் சோதித்து, பதிப்பு எண்ணை மாற்றி, ஒவ்வொரு தளத்திலும் கையால் ஏற்றியவர் அவர்!

கருடசேவைத் திருவிழா அன்று, ஒரு திருத்தத்தைச் சோதிக்க அவகாசம் கேட்டார்.

"அதெல்லாம் வேணாம், அனுப்புய்யா" என்றார் நம் தலைவர்.

அனுப்பினார். எல்லாத் தளங்களும் புடவையே தெரியாமல் வெறும் வெள்ளைத் திரையாகிப் போயின. கடை கடையாக ஃபோன் செய்து ஏச்சு வாங்கியவர் யார்? உமாபதி! ஏசியவர்கள் யார்? இதோ, மாலையோடு வந்திருக்கிறீர்கள்.

அதன்பிறகுதான் அந்த வேலைக்கென்று ஒரு நிரலை எழுதினார். தானே சோதிக்கும், பழுது கண்டால் தானே நிற்கும், சரியென்றால் எல்லாத் தளங்களுக்கும் தானே அனுப்பும். அதை ஓட்டிக் காட்டிய நாளில் புதுச்சட்டை போட்டு, இனிப்பு வாங்கி வந்தார். நாங்கள் கைதட்டினோம். தலைவர் அவர் தோளில் கைபோட்டார்.

"இனிமே இதுக்கு ஆளே வேணாம்பா! வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு, உமாபதி. நாளைலேர்ந்து வராத."

வேடிக்கை என்று நினைத்து அண்ணன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மறுநாளே நிரலிலிருந்து அவர் பெயரை அழித்தார்கள்.

வேலை தேடி அலைந்தார். சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது நிரல் நின்றுபோனது. தலைவர் ஃபோன் செய்தார்.

"ஆஸ்பத்திரில சும்மாதானே படுத்துக்கினு இருக்கே? கொஞ்சம் என்னன்னு சொல்லு."

கையில் ஊசியோடு சொன்னார் அண்ணன். நிரல் ஓடியது. "எப்படி இருக்கே?" என்று அன்று ஒருவராவது கேட்டோமா?

அவர் இறந்த அன்றும் அது நின்றது! பாடை கட்டும்போது தலைவர் அண்ணியிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பாஸ்வேர்டு ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாரா?"

"எல்லாத்தையும் உங்களுக்கே எழுதிக் குடுத்துட்டாருய்யா. மூச்சு ஒண்ணுதான் இங்க இருந்துது. அதுவும் போயிட்டுது. நவுருங்க, தூக்கணும்."

குனியாதீர்கள் சார், சபை பார்க்கிறது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிகூறச் சொன்னீர்கள். கூறுகிறேன்! பிறகு வெட்கத்தோடு நான் அவரைப் பார்க்கப் போனபோது, படுக்கையில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல, அவரும் நானும் புதிதாக ஒரு நிரல் எழுதினோம். அதை எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போகிறேன். எழுதியவர் உமாபதி என்றே இருக்கும். எல்லாவற்றையும் அது தானே செய்யும். ஆனால் அனுப்புமுன் நின்று, "சரிபார்த்தவர் பெயர் என்ன?" என்று கேட்கும். பெயர் தராவிட்டால் நகராது.

எதற்கு அண்ணா என்றேன்.

"ஒரு ஆளு இருக்கணும் நஸ்னீன்மா. இல்லேன்னா எல்லாரையும் தொரத்திடுவானுங்க."

அந்த ஒரு வரியை யாரும் அழிக்க விடமாட்டேன்.