புரொபசர் கைமேல போட்ட துண்டு

இதுவா கம்பளி? தேங்கா நாரு மாதிரி குத்துது! இதுக்கா பாய் இந்த வெலை சொல்ற? மீசை மொளைச்ச நாளா இந்தக் குந்தாரப்பள்ளிச் சந்தையில மாட்டுத் தரகு பண்றவன், இந்த நாராயணப்பன்கிட்டயேவா? ...எனக்கில்ல பாய். எம்மவன் ராமப்பனுக்கு. நாளைக்கு டில்லிக்குப் போறான். அங்க குளிரு எலும்பக் கடிக்குமாமே!

அட, உத்தியோகமில்ல பாய். இன்னும் ஆராய்ச்சிதான்! இரும்பு ஏன் விரிசல் விடுதுன்னு பெங்களூர்ல படிச்சு டாக்டர் பட்டமே வாங்கிட்டான். சரி, முடிஞ்சுதுன்னு பாத்தா, இல்லியாம். பட்டம் வாங்கினவன் இன்னொரு பெரிய புரொபசர்கிட்டப் போயி, ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணணுமாம். அப்பத்தான் நாலு பேரு மதிப்பாங்களாம். அந்த எடம் கெடைக்கறது இருக்கே... பொண்ணு தேடறதே தேவலாம் போ!

முந்தி கல்கத்தாவுலருந்து ஒரு புரொபசர் பெங்களூருக்கு வந்திருந்தாரு. இவனப் பாக்கணும்னு கூப்பிட்டாரு. நானும் போனேன். பின்ன? மாட்டத் தனியா சந்தைக்கு அனுப்புவாங்களா? "நீ வராதப்பா"ன்னான். நான் கேப்பனா!

"எங்கிட்ட வரியா"ன்னு அவரு கேட்டதும், இவன் பல்லக் காட்டிக்கினு வாயத் தொறக்கறான். விட்டேன் பாரு, கால்மேல ஒரு மிதி! ஆசையக் காட்டினா வெலை எறங்கிடாதா? "மெட்ராஸ்ல ரெண்டு பேரு கேக்கறாங்க, யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லுடா"ன்னேன். திருதிருன்னு முழிச்சுக்கினே அத இங்கிலீஷ்ல சொன்னான். நானே எந்துண்ட எடுத்து அவரு கைமேல போட்டு, உள்ள கைய விட்டு வெரலப் புடிச்சேன்... சிரிக்காத பாய்! நம்ம சந்தையில வேற எப்படி வெலை பேசறது? அந்த மனுசன் எங்கையப் புடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினாரு. "ரொம்ப சந்தோஷம், நல்ல எடத்துக்கே போகட்டும்"னு இங்கிலீஷ்ல சொன்னாராம். எழுந்து போயிட்டாரு.

மாட்டு யாவாரத்துல, போறவன் புளியமரம் தாண்டறதுக்குள்ள திரும்பி வருவான். நானும் காலேஜ் கேட்டு வாசல்லயே ஒக்காந்திருந்தேன். வரல பாய். வரவேயில்ல! அந்த எடத்த வேற எவனோ தட்டிக்கினு போயிட்டான். எம்மவன் ஊருக்குத் திரும்பற பஸ்ல, அட்டிபெலே தாண்டினதும் அழுதுட்டான் பாய்... அத்தாம் பெரிய புள்ள.

இப்ப இந்த டில்லி எடம். எங்கிட்ட மூச்சு விடாமப் போயி, டில்லி புரொபசர் கேட்டு முடிக்கறதுக்குள்ள "வரேன்"னுட்டானாம்! அடிமாட்டுக்குக்கூட ரெண்டு வார்த்த பேசுவோம்! இதப்போயி வீட்டுல எம்பொஞ்சாதி வெங்கடம்மாகிட்டச் சொன்னா, அவ என்னா சொல்றா தெரியுமா? "விக்க மனசில்லாதவன்தான் வெலைய ஏத்துவான்னு நீதான சொல்லுவ"ன்றா! பொம்பளைக்கு யாவாரத்தப் பத்தி என்ன பாய் தெரியும்?

என்ன தெரியும்ன்றேன்...

சரி, நீ சொன்ன வெலையே குடுக்கறேன். நல்லா கனமானதாப் பாத்து மடிச்சுக் கட்டு. என்னா பாய் அப்படிப் பாக்கற? கொறைக்க வேணாம்... வேணாம்ன்றேன்! இருக்கறது ஒரே புள்ள. நான் பாட்டுக்குப் பேசிக்கினே இருப்பேன், திட்டிக்கினாவது காது குடுக்கறவன் அவன் ஒருத்தன்தான். அவனும் போயிட்டா நான் யார்கிட்டப் போயிப் பேசுவேன்?

சொல்லு பாய். அப்பப் புடிச்சு நான்தான் பேசறேன்... நீயும் ஒரு வார்த்த பேசேன்!